எதற்கு என்ற ஒரு வரி

நீலாஞ்சனா அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே அடுக்கியிருக்கும் பொருளில் எழுத்து உள்பக்கம் திரும்பியிருந்தால், அதை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார். பேசிக்கொண்டேதான் செய்வார். கை செய்வது அவருக்கே தெரியாது. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஒருமுறை மருந்துக்கடையில் இருமல் மருந்துப் பெட்டிகளில் ஒரு வரிசையையே திருப்பிவிட்டார். "எம்மா, காலிப் பொட்டிய மட்டும்தான் அப்படித் திருப்பி வெச்சிருந்தேன். இப்போ எது காலின்னு எப்படித் தெரியும்?" என்று கடைக்காரர் கத்தினார். அக்கா மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த பற்பசை டப்பாவைத் திருப்பினார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் அங்கே வேலை செய்கிறேன். கடை அக்காவின் தம்பி ஜினேஷ் அண்ணனுடையது. முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். அது என் பொறுப்பு. பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை; அது அக்காவுடையது. வீட்டில் இல்லாத பைபர் இணைய லைன் கடையில் இருக்கிறது என்று அஞ்சு வருஷத்துக்கு முன் அந்த மேசைக்கு வந்தார்.

அக்கா இந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா மண்டியில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தவர். அக்கா திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தார். கம்பெனி கைமாறியபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அக்காவையும் சேர்த்து. இங்கே வந்து ரைஸ் மில்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இணையப் பக்கம் செய்துகொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார். மிச்சம் இருக்கிற நேரமெல்லாம் இன்டெக்ஸுக்குத்தான்.

அந்த இன்டெக்ஸ் என்னவென்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மழை அளவு, நோய்க் கணக்கு, வரைபடம் என்று பல வேலைக்கும் உதவுகிற ஒரு மென்பொருள் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு மிக்ஸி மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் தங்கள் தேவைக்கு ஏற்ற ஜாரைத் தாங்களே செய்து, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஜாருக்குப் பேக்கேஜ் என்று பெயர். நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கிடக்கிறது. ஒரு பழைய பட்டியல் உண்டு. அதில் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயர்களையும் கேட்க வேண்டுமே! ஒருவர் தன் பூனையின் பெயரை வைத்திருப்பார். இன்னொருவர் ஏதோ ஒரு பறவையின் பெயர். மூன்றாமவர் வெறும் நாலு எழுத்து.

ஒரு கல்லூரி வாத்தியாருக்காகச் செஞ்சி வட்டத்து மழைக் கணக்கைப் படமாக வரைய வேண்டியிருந்தபோது, அக்கா பேக்கேஜ் தேடிக் கிடைக்காமல், மூன்று நாள் உட்கார்ந்து தானே ஒன்றை எழுதினார். எழுதி முடித்த பிறகு பார்த்தால், அதே வேலைக்கு ஏற்கெனவே மூன்று பேர் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் இது. எல்லாப் பேக்கேஜையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரு சொல்லைத் தட்டினால் வேண்டியது வந்து நிற்கிற மாதிரி ஒரு பக்கம்.

முதல் வருஷம் சேர்ப்பதிலேயே போயிற்று. சேர்த்த பிறகும் தேடினால் வரவில்லை. பெயர்தான் பூனையாயிற்றே, மழை என்று தட்டினால் எப்படி வரும்?

அப்போதுதான் என் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளை அக்கா பார்த்தார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எந்தப் படிவத்தையும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "நிலத்துல யார் பேரு இருக்குதுன்னு பாக்கறது குடு" என்றால் சிட்டா. "புள்ள பேர ஏத்தறது" என்றால் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல். "வீட்டுக்காரர் பூட்டா குடுக்கறாங்களே அது" என்றால் விதவை உதவித்தொகை. இடதுபக்கம் அவர்கள் சொல்வது, வலதுபக்கம் படிவத்தின் பெயர் என்று நான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கத் தாள்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்கா."

"எத்தினி நாளா இருக்குது இங்க, சுதா?"

"அஞ்சு வருஷமா."

"அஞ்சு வருஷமா! நான் பின்னால உக்காந்து தலைய உடைச்சிக்கினு இருக்கறேன், நீ இதும்மேல டீ கிளாஸ வெச்சிக்கினு இருக்கற!" என்றார். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு இன்டெக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் "எதற்கு" என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியைச் செய்தவரே எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று அக்கா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டார். ஒரே ஒரு கேள்வி: உங்கள் பேக்கேஜ் எதற்குப் பயன்படும், ஒரு வரி எழுதுங்கள்.

இதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமில்லை. பாதிப் பேர் பதிலே போடவில்லை. போட்டவர்களில் ஒருவர், "உள்ளே படித்துப் பார்த்தால் தெரியும்" என்றார். ஒருவர், "எதற்கு என்று தெரியாதவர்களுக்கு இது தேவைப்படாது" என்றார். ஒருவர் மூன்று பக்கத்துக்குத் தன் கதையை எழுதிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. தேடும்போது தன் பேக்கேஜ் ஏன் ஏழாவதாக வருகிறது, ஏன் முதலில் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் தனி. அக்கா அத்தனை பேருக்கும் பதில் எழுதுவார். திட்டினவருக்கும் நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பார். பதில் வராத பேக்கேஜை எல்லாம் தானே ஓட்டிப் பார்த்து வரியை எழுதுவார். ஒன்றுக்கு அரை நாள் ஆகும். நாலாயிரம்! கண்ணெதிரே ஒருவர் கடல் தண்ணீரை டம்ளரால் இறைத்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருஷம் வைகாசியில் ஒரு செய்தி வந்தது. பழைய பட்டியலை இருபது வருஷமாக நடத்திவந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், வயதாகிவிட்டது, இனி முடியாது என்று அறிவித்திருந்தார். அந்த இடத்துக்கு இரண்டு இணையப் பக்கங்கள் போட்டி. ஒன்று அக்காவின் இன்டெக்ஸ். மற்றது வேறொரு நாட்டில் நாலு பேர் சேர்ந்து செய்தது. அதைத் திறந்தால் கலர் கலராக, ஓடும், ஆடும், சுற்றும். அக்காவுடையது வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து. "ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது" என்பார் ஜினேஷ் அண்ணன். பேராசிரியரும் இன்னும் பதினோரு பேரும் கொண்ட குழு இரண்டையும் பார்த்து முடிவு செய்யும். எது ஜெயிக்கிறதோ அதற்கு அந்த மென்பொருளின் முதல் பக்கத்தில் இணைப்பு கிடைக்கும். கிடைக்காததை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அதே சமயம் ஜினேஷ் அண்ணனும் தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

"ஆவணி பொறந்தா கல்யாண சீசன். கலர் பிரிண்டர் வருது. அது உன் மேச இருக்கற எடத்துலதான் உக்காரும்."

"வேற எடமே இல்லியா?"

"சுதா தலைமேல வெக்கட்டுமா? நம்ம மாமா சென்னைல சொல்லியிருக்கற வேலைக்குப் போயேன்கா. நாலு வருஷமா சம்பளமே இல்லாம எவனோ செஞ்ச ஜாருக்கு லேபிள் ஒட்டிக்கினு இருக்கற."

அக்கா பக்கத்தில் இருந்த காகிதக் கட்டை எழுத்து வெளியே தெரியத் திருப்பி வைத்தார். பிறகு, "அவங்க என்னுத எடுத்துக்கலன்னா நானே இழுத்து மூடிட்டுச் சென்னைக்குப் போறேன். எடுத்துக்கினா மேசையத் தொடக் கூடாது" என்றார். ஜினேஷ் அண்ணன் என்னைச் சாட்சிக்குப் பார்த்தார். நான் லேமினேஷன் மெஷினைப் பார்த்தேன்.

குழு, வீடியோவில் வந்து செய்து காட்டச் சொல்லி மூன்று தேதிகளைக் கொடுத்து, எது தோது என்று கேட்டது. அக்கா ஜைனர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். அதனால் நாளைப் பார்க்கவே இல்லை, நேரத்தை மட்டும் பார்த்தார். எது சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தார். அரை மணியில் முடித்துவிட்டு வெளிச்சத்திலேயே சாப்பிடலாம் என்று கணக்கு. தேதியை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

நான் அந்தத் தேதியை நாள்காட்டியில் பார்த்தேன். கறுப்பு வட்டம் போட்டிருந்தது. ஆடி அமாவாசை.

செஞ்சியில் இருக்கிற யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிற கூட்டமெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஸ்பெஷல் பஸ், வேன், லாரி, நடை. மதியத்துக்கு மேல் போன் பேசினால் பாதிதான் கேட்கும். அக்கா வீட்டில் அமாவாசை பார்க்கிற வழக்கம் இல்லை. ஆனால் படித்தவர், இதே ஊர்க்காரர், தெரிந்துதான் வைத்திருப்பார், பைபர் லைன் இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். இருபது நாள் அந்தச் சீட்டுக்குக் கீழேதான் டீ கொண்டுபோய் வைத்தேன். கேட்கவில்லை.

அமாவாசையன்று காலை பதினொரு மணிக்கு, உயரமாக அலங்காரம் செய்த அம்மன் வண்டி ஒன்று எங்கள் சந்து முனையில் திரும்பியது. அம்மனின் சூலம், கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டிருந்த கேபிளை மாட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. பைபர் லைன் அதில்தான் இருந்தது. கேபிள்காரருக்குப் போன் செய்தால், "மலையனூர்ல இருக்கறேன்மா, சாமி பாத்துட்டு நாளைக்கி வர்றேன்" என்றார். மூன்று மணிக்கு அக்கா தன் போனில் முயன்றார். பிறகு என் போன். பிறகு ஜினேஷ் அண்ணன் போன். மூன்றிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு அக்கா லேப்டாப்பைப் பையில் போட்டார். "வண்டில ஏறு சுதா. கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாப் போவோம். எங்க டவர் கெடைக்குதோ அங்க நிப்போம்."

ஊரைத் தாண்டவே இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. எதிரே ஒரே பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கி அமாவாசைன்னு உனக்குத் தெரியுமா?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"தெரியும்கா."

"எப்போ தெரியும்?"

"நீங்க தேதி ஒட்டினப்பவே."

வண்டி கொஞ்சம் ஆடியது. "உன்ன இன்னா பண்றதுன்னே தெரியல சுதா. வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? இறங்கி நடந்து வான்னு உட்டிருப்பேன், எனக்குப் போன் புடிக்க ஆள் இல்ல" என்றார்.

தொண்டூருக்குப் போகும் வழியில் ஒரு மதகுச் சுவர் அருகே போன் உயிர் பெற்றது. லேப்டாப்பைச் சுவர்மேல் வைத்தார். போனை நான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் இரண்டு கோடு. கையை இறக்கினால் ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குக் குழுவின் பன்னிரண்டு முகங்கள் வந்தன. அந்த நாலு பேர் தங்கள் பக்கத்தை அழகாகக் காட்டி முடித்தார்கள். அக்காவின் முறை வந்தது. தன் திரையைக் காட்ட ஆரம்பித்ததும் எல்லா முகமும் அப்படியே உறைந்துபோயிற்று.

வயல் வேலை முடிந்து வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து நின்றார். பெயர் பூவாயி என்று பிறகு சொன்னார்.

"இன்னாத்துக்குமா கையத் தூக்கினு நிக்கற?"

"டவர் கெடைக்கலமா."

"அதுக்கு நீயே டவரா நின்னுட்டியா? அந்தக் கை நோவுது, இந்தக் கைல மாத்திக்க."

மாற்றினேன். மாற்றிய நொடியில் இரண்டு கோடும் போயிற்று. "சுதா!" என்றார் அக்கா. அழுகிற குரல். மறுபடி வந்தபோது பேச்சு எடுக்கவில்லை, எழுத்து மட்டும் போயிற்று. அக்கா அவசரமாக எழுதினார்: நீங்களே திறந்து பாருங்கள். பேக்கேஜின் பெயரைத் தட்டாதீர்கள். உங்களுக்கு ஆக வேண்டிய வேலையைத் தட்டுங்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்தது.

மதகுமேல் உட்கார்ந்தோம். பையில் அக்காவின் டிபன் இருந்தது. அது நினைவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டப்பாவை என்னிடம் நீட்டி, "நீ சாப்புடு" என்றார். தக்காளிச் சோறு. அவர் பட்டினியாக உட்கார்ந்திருக்க எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் எனக்குப் பசி. சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் கேபிள்காரர் வந்து ஒட்டுப்போட்டார். அக்கா முதலில் தன் இன்டெக்ஸின் பதிவைத் திறந்தார். யார் என்று காட்டாது. என்ன சொல் தட்டினார்கள், கிடைத்ததா என்று மட்டும் காட்டும். பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்தார். ஐந்தேகால் முதல் ஐந்தே முக்கால் வரை நாற்பத்தொரு தேடல்.

"பாத்திருக்காங்க சுதா! நாப்பத்தொண்ணு!"

முப்பத்திரண்டுக்குக் கிடைத்திருந்தது. ஒன்பதுக்கு வெறும் பக்கம். அந்த ஒன்பதில் ஐந்தை ஒரே ஆள் தட்டியிருக்க வேண்டும். ஏரி ஆழம், ஏரி நீர்மட்டம், மாதவாரி நீர்மட்டம் என்று அடுத்தடுத்த நிமிஷங்களில் சொல்லை மாற்றி மாற்றித் தட்டியிருந்தார். ஆறாவதாக, ஏதோ ஒரு ஊர்ப் பெயரைத் தட்டியிருந்தார். உடனே ஒரு பேக்கேஜ் வந்திருந்தது. அக்கா அந்தப் பேக்கேஜைத் திறந்தார். செய்தவர் பெயர் இருந்தது.

பேராசிரியர்.

தன் சொந்த ஊரின் பெயரைத் தன் பேக்கேஜுக்கு வைத்திருந்தார்; வேலையும் தெரிந்து அந்தப் பெயரும் தெரிந்து தட்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அது எதற்கு என்று கேட்டு அக்கா மூன்று கடிதம் போட்டிருந்தார். ஒன்றுக்குத்தான் பதில் வந்திருந்தது: "பெயரைப் பார்த்தாலே புரியும்." சரி, பெரியவர், அவரே எழுதட்டும் என்று அக்கா அந்த வரியைக் காலியாக விட்டிருந்தார். இப்போது அவரே போய், தன் பொருளை வேலையைச் சொல்லித் தேடி, ஐந்து முறை கிடைக்காமல், இந்த இன்டெக்ஸ் லாயக்கில்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

நாலு வருஷத்தில் பேக்கேஜ் செய்தவர்கள் யார்மேலும் அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மேசையில் தட்டினார். "முப்பது வருஷம் பாடம் நடத்தினவரு! ஒரு வரி! ஒரே ஒரு வரி எழுத வலிக்குதா இவருக்கு?" ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்து, நன்றி எல்லாம் சொல்லாமல், நாலே வரியில் ஒரு கடிதம் தட்டி, எனக்குப் படித்துக் காட்டினார்: "நேற்று ஐந்து முறை ஒன்றைத் தேடிக் கிடைக்காமல் போனவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அது நீங்கள் செய்த பேக்கேஜ். மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை கேட்கிறேன், அது எதற்கு?"

"அனுப்பிடாதீங்கக்கா. முடிவு பண்றவரே அவருதான்" என்றேன். இந்தத் தடவையாவது வாயைத் திறந்தேன்.

"அனுப்பிட்டுத்தான் படிச்சிக் காட்டினேன்" என்றார்.

"போச்சி" என்றார் ஜினேஷ் அண்ணன். அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய், அக்கா உட்கார்ந்திருக்கும்போதே மேசையின் நீளத்தை அளந்தார்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வணக்கம் இல்லை, வருத்தம் இல்லை. ஒரே வரி: "ஏரிகளின் நீர்மட்டத்தை மாதவாரியாக வரைந்து காட்டும்." அவ்வளவுதான். முடிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா அந்த வரியை இன்டெக்ஸில் சேர்த்துவிட்டு, சென்னை வேலைக்கான சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன், இரண்டிரண்டு காப்பி.

ஆவணி பிறப்பதற்கு மூன்று நாள் முன்னால் குழுவின் முடிவு வந்தது. தேடுவதற்கு அக்காவின் இன்டெக்ஸை எடுத்துக்கொள்கிறார்கள். தோற்றத்துக்கு அந்த நாலு பேருடையதை எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேரும் சேர்ந்து நடத்த வேண்டும். இனிமேல் எதற்கு என்ற வரி இல்லாமல் எந்தப் புதுப் பேக்கேஜும் சேராது; இந்த விதியை எழுதிக் கொடுத்தவர் பேராசிரியர்தான் என்று கீழே போட்டிருந்தது. அக்கா படித்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அந்த நாலு பேரோட சேந்தா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது முதல் பக்கத்தில் இணைப்பு இருக்கிறது. கீழே உருட்டினால் தெரியும். அந்த நாலு பேருக்கும் அக்காவுக்கும் வாரம் ஒரு தகராறு. போன வாரம் தேடும் பெட்டியின் நிறத்துக்காக. சென்னை வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கலர் பிரிண்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால் நான் ஸ்டூலில் ஒருபக்கமாகத் திரும்பித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. இன்டெக்ஸில் நாலாயிரத்து முந்நூறு பேக்கேஜ்கள் உள்ளன. அவற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு எதற்கு என்ற வரி இன்னும் வரவில்லை. அக்கா கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.